தூசி படியாத கடைசி வண்டி

“அறுபது பேர் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குறாங்க. இவ்வளவு பல்லை நான் ஒரே ஒரு தடவைதான் ஒண்ணாப் பாத்திருக்கேன். என் கல்யாணத்துல. அன்னிக்கும் எதுக்குச் சிரிச்சாங்கன்னு எனக்குத் தெரியல” என்றான் ரிஸ்பெக்.

கானிம்குல் சிரிக்கவில்லை. மேசைமேல் விரித்திருந்த பெரிய புகைப்படத்தின்மேல் குனிந்திருந்தாள். பதினெட்டு வருஷம் போக்குவரத்து போலீஸில் விபத்து விசாரணை பார்த்துவிட்டு, மேலதிகாரியின் மருமகனுக்குச் சாதகமாக அறிக்கை எழுத மறுத்ததற்காக வேலையை விட்டவள். இப்போது தலைநகர் பிஷ்கெக்கில் இறைச்சி சம்சா சுட்டு விற்கும் ஒரு கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். அவளிடம் இருப்பது ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓயாமல் பேசும் ரிஸ்பெக்.

“இந்தப் படம் எடுத்த நேரத்துல மெலிஸ் உயிரோட இருந்தான்” என்றாள் அவள்.

ரிஸ்பெக் நாற்காலியை இழுத்துக்கொண்டு மேசையருகே வந்தான்.

‘கணவாய்க் காற்று’ என்ற மோட்டார் சைக்கிள் சங்கம் சோங்-கோல் ஏரிக்குப் போன பயணத்தில் எடுத்த படம் அது. ஏரிக்கரைப் பச்சைப் புல், வெள்ளைக் கூடாரங்கள், முன்னால் தோளோடு தோள் சேர்ந்து சங்கத்தார். மெலிஸ் மட்டும் படத்தில் இல்லை. வண்டி ஓட்டக் கற்று இரண்டு மாதமே ஆகியிருந்த அந்த இருபத்திரண்டு வயதுப் பையன், ஏரிக்கு ஏறும் சரளைக்கல் பாதையின் ஒரு வளைவுக்குக் கீழே, கால் உடைந்து கிடந்தான். மறுநாள் காலையில் ஒரு குதிரை மேய்ப்பன் கண்டபோது உயிர் போயிருந்தது. விழுந்த இடத்திலிருந்து பாதையை நோக்கி முடிந்த மட்டும் ஊர்ந்து வந்திருந்தான். மலைக்குளிர் அதற்குமேல் விடவில்லை.

வேகமாகப் போனான், விழுந்தான் என்று போலீஸ் கோப்பை மூடிவிட்டது. அவனுடைய அக்கா பெரிசாத் அதோடு விடவில்லை. கானிம்குல்லின் அலுவலகப் படியேறி வந்து, “என் தம்பியை மலையில விட்டுட்டு வந்தவன் யாருன்னு கண்டுபிடிங்கக்கா. நாப்பதாம் நாள் காரியத்துல எங்கம்மாகிட்ட ஒரு பேரைச் சொல்லணும்” என்று அழுதாள். அவளும் அந்தச் சங்கத்தில்தான் வண்டி ஓட்டுகிறாள். அன்று தலைவர் போலோத்துக்குப் பின்னாலேயே, வரிசையின் முன்பக்கத்தில் போனதாகச் சொன்னாள்.

நாற்பதாம் நாள் நாளைக்கு.

“போலோத் நமக்குச் சொன்ன விதி ஞாபகம் இருக்கா?” என்று கேட்டாள் கானிம்குல்.

“இருக்கு. ஒவ்வொருத்தரும் தனக்குப் பின்னாடி வர்றவரைக் கண்ணாடியில பாத்துக்கணும். காணோம்னா நின்னுடணும். அவர் நின்னா அவருக்கு முன்னாடி போறவர் நிப்பார், அவருக்கு முன்னாடி இருக்கறவர் நிப்பார், கடைசியில தலைவரும் நிப்பார். வரிசையோட வால்ல அனுபவசாலி ஒருத்தர் வருவார். என்ன ஆனாலும் அவர் யாரையும் முந்தக் கூடாது. ஆடு மேய்க்கிற மாதிரிதான். முன்னாடி கிடா, பின்னாடி நாய்.”

“அன்னிக்கு நாய் யாரு?”

“சிங்கிஸ். டயர் கடைக்காரர். ஏரி வரைக்கும் கடைசியாத்தான் வந்தேன்னு போலீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கார்.”

“படத்துல அவன் சட்டை என்ன நிறம்?”

“கறுப்பு. தோல் சட்டை.”

“பக்கத்துல நிக்குறவன் சட்டை?”

“சாம்பல்...” ரிஸ்பெக் கண்ணைச் சுருக்கினான். “இல்லக்கா. அதுவும் கறுப்புதான். தூசி.”

“மழை பெய்யாத ஜூன் மாசம். சரளைக்கல் பாதை. முன்னாடி அறுபது வண்டி மண்ணைக் கிளப்பிக்கிட்டுப் போகுது. கடைசி ஆள் எப்படி இருக்கணும்?”

“மாவு மில்லுல புரண்ட மாதிரி.” ரிஸ்பெக் நிமிர்ந்தான். “இவர் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த மாதிரி பளபளன்னு நிக்குறாரே!”

“சாவியை எடு” என்றாள் கானிம்குல்.

*

சிங்கிஸின் டயர் கடை ஓஷ் சந்தைக்குப் பின்புறம் இருந்தது. நாற்பது வயது, பெரிய உடம்பு. லாரி டயரைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தவர், கானிம்குல் புகைப்படத்தை நீட்டியதும் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பார்த்தார். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

“சட்டை சுத்தமா இருக்கே அண்ணே. ஏரிக்கரையில சலவைக்காரர் இருந்தாரா?” என்றான் ரிஸ்பெக்.

“உன் வயசுல நானும் இப்படித்தான் பேசுவேன்” என்ற சிங்கிஸ் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்தார். “ஆமாக்கா. நான் கடைசியா போகல. போலீஸ்ல பொய் சொன்னேன்.”

கானிம்குல் எதிரே அடுக்கியிருந்த டயர்கள்மேல் உட்கார்ந்தாள். “எங்க முந்தினீங்க?”

“சாரி-புலாக்ல தேநீருக்கு நின்னோம். அதுவரைக்கும் வரிசை ஒழுங்காத்தான் வந்துச்சு. தேநீர் குடிச்சதும் போலோத் கையை ஆட்டிட்டுக் கிளம்பிட்டார். குடிச்சவன் குடிக்காதவன் எல்லாம் இஷ்டத்துக்குப் பின்னாடி பாய்ஞ்சாங்க. யாருக்குப் பின்னாடி யாருன்னு யாருக்கும் தெரியல. நான் வால்லதான் கிளம்பினேன். மலை ஏற ஆரம்பிச்சதும் தூசி. மூச்சு விட முடியல. கண்ணு தெரியல. முன்னாடி ரெண்டு வண்டி ஆமை மாதிரி ஊர்ந்துச்சு. ஒரு இடத்துல தாண்டிட்டேன். ஒண்ணைத் தாண்டினதும் அடுத்ததைத் தாண்டணும்போல இருந்துச்சு. அப்படியே முன்னாடி போயிட்டேன்.”

“அந்த ரெண்டு வண்டியில ஒண்ணு மெலிஸ்.”

“ஆமா.”

“இன்னொண்ணு?”

சிங்கிஸ் கடப்பாரையை எடுத்தார், மறுபடி கீழே வைத்தார்.

“அண்ணே, சங்கத்துல உங்களைத் தள்ளி வெச்சுட்டாங்க. பையனோட மாமன்மார் உங்க கடைக் கண்ணாடியை உடைச்சிருக்காங்க. அந்த இன்னொருத்தர் பேரைச் சொன்னா உங்க பாரத்துல பாதி குறையும்” என்றான் ரிஸ்பெக்.

“குறையாது தம்பி” என்றார் சிங்கிஸ். “வால் நான். முந்தினது நான். அதுல பாதிக் கணக்கு கிடையாது. ஒண்ணு மட்டும் சொல்றேன். அவனை நான் தனியா விட்டுட்டுப் போகல. கூட இருந்தது பத்திரமான ஆளு. என்னைவிடப் பத்திரமான ஆளு. அதனாலதான் முந்த மனசு வந்துச்சு. அதுக்கு மேல என்னை அடிச்சாலும் சொல்ல மாட்டேன். அந்த வீட்டுல ஏற்கெனவே ஒரு உயிர் போயிருக்கு.”

கானிம்குல் புகைப்படத்தை வாங்கிப் பையில் வைத்தாள். பிறகு எழுந்து, “நாளைக்குக் கோச்கோர்ல நாப்பதாம் நாள். வருவீங்களா?” என்று கேட்டாள்.

“வருவேன். உள்ளே விட மாட்டாங்க. வாசல்ல நிப்பேன்.”

*

மறுநாள் காலையில் கோச்கோருக்குக் கிளம்பினார்கள். அந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகப் போகும்; ரிஸ்பெக்கின் பழைய ஹோண்டாவுக்கோ ஸ்டியரிங்கும் வலப்பக்கம். எதிரே வண்டி வருகிறதா என்று இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் கானிம்குல்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

“லாரியைத் தாண்டலாமா அக்கா?”

“வேண்டாம்.”

“இப்ப?”

“வேண்டாம்.”

“உங்களை நம்பி வண்டி ஓட்டினா நான் லாரிக்குப் பின்னாடியே கிழவனாயிடுவேன்.”

“கிழவனாவே, இல்ல? அது போதும்.” அவள் மடியில் அதே புகைப்படம். “நேத்து ராத்திரி ஒண்ணு கேக்க மறந்துட்டேன். சட்டை சுத்தமா இருக்கறவனைத் தேடினோம். படத்துலயே அதிகமா தூசி யார்மேல இருக்குன்னு பாத்தியா?”

“ஓரத்துல நிக்குதே ஒரு உருவம், அதுதான். தலையிலிருந்து கால் வரைக்கும் வெள்ளை. சுண்ணாம்பு அடிச்ச தூண் மாதிரி. ஹெல்மெட்டைக் கூடக் கழட்டல. முகம் தெரியல.”

“மத்தவங்க எல்லாரும் கழட்டிட்டாங்க. இவங்க மட்டும் ஏன் கழட்டல?”

“முடி கலைஞ்சிருக்கும்.”

“இல்ல, முகத்தைக் காட்டப் பிடிக்காம இருந்திருக்கும்.” அவள் விரல் அந்த உருவத்துக்குப் பின்னால் நின்ற வண்டிக்கு நகர்ந்தது. “சீட்டுமேல பாரு. ஆட்டுத்தோல். பாதி வெள்ளை, பாதி கறுப்பு. இவ்வளவு தூசின்னா கடைசியா வந்து சேந்த வண்டி. இது யாரோடதோ, அவங்கதான் மெலிஸுக்கு முன்னாடி போனவங்க.”

“அப்ப ஆட்டுத்தோலைத் தேடினாப் போதும். இந்த நாட்டுல ஆட்டுத்தோல் கிடைக்கறதா கஷ்டம்!” என்றான் ரிஸ்பெக். சொல்லிவிட்டுச் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து, அவளுக்கு ஏற்கெனவே ஏதோ பிடிபட்டிருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. கேட்டால் சொல்ல மாட்டாள்.

பெரிசாத்தின் தாய்வீடு கோச்கோரில் நெட்டிலிங்க மரங்கள் வரிசையாக நின்ற தெருவில் இருந்தது. முற்றத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். கொப்பரைகளில் குதிரை இறைச்சி வெந்தது. பெண்கள் எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்ட ஆண்கள் வாசலிலிருந்தே “என் தம்பியே, என் குலக்கொழுந்தே” என்று உரக்க அழுதபடி குனிந்து உள்ளே போனார்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் சிங்கிஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். கதவருகே இரண்டு மாமன்மார் அவரையே முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

கறுப்புத் தலைத்துணி கட்டிய பெரிசாத் ஓடிவந்து கானிம்குல்லின் கையைப் பிடித்தாள். “அக்கா, கண்டுபிடிச்சிட்டீங்களா? அவன்தானே? அம்மா உள்ளே இருக்காங்க. எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க.”

“சொல்றேன். முதல்ல ஒரு வாய் தேநீர் கொடும்மா” என்றாள் கானிம்குல்.

ரிஸ்பெக் வண்டியை நிழலில் விடக் கொட்டகைப் பக்கம் போனான். இறங்கி இடம் பார்த்தபோது, வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்று முழங்காலில் இடித்தது. ‘அட, பசுமாடா?’ என்று நினைத்துக்கொண்டே தார்ப்பாயின் நுனியைத் தூக்கினான்.

மோட்டார் சைக்கிள். சீட்டுமேல் பாதி வெள்ளை, பாதி கறுப்பு ஆட்டுத்தோல்.

வண்டியைக் கழுவவே இல்லை. மலையின் மண் அப்படியே படிந்திருந்தது. ரிஸ்பெக்கிற்குச் சட்டென்று இன்னொன்றும் கண்ணில் பட்டது. வலப்பக்கக் கண்ணாடி சரியாக இருந்தது. இடப்பக்கக் கண்ணாடியை யாரோ முறுக்கி மேல்பக்கமாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் பின்னால் வரும் சாலை அதில் தெரியாது. கொட்டகையின் கூரைதான் தெரியும்.

“அக்கா” என்று கூப்பிட்டான். திரும்பினால் கானிம்குல் கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் தேநீர்க் கிண்ணத்துடன் பெரிசாத்.

கிண்ணம் கீழே விழவில்லை. அவள் அதை நிதானமாக ஒரு வைக்கோல் கட்டின்மேல் வைத்தாள்.

“சிங்கிஸ் சொல்லிட்டாரா?” என்று கேட்டாள்.

“சொல்லல. உன் பேரைச் சொல்ல மாட்டேன்னு நின்னுட்டார். என்னைவிடப் பத்திரமான ஆளுன்னு மட்டும் சொன்னார். வண்டி கத்துக்கிட்ட பையனுக்கு அக்காவைவிடப் பத்திரமான ஆளு வேற யாரு?”

பெரிசாத் வண்டியருகே வந்து ஆட்டுத்தோலின்மேல் கை வைத்தாள். “இதை அவன்தான் வாங்கிக் கொடுத்தான். உக்காந்தா குளிருதுன்னு சொன்னேன்னு.”

ரிஸ்பெக் தலையைக் குனிந்துகொண்டான்.

“சாரி-புலாக்ல சண்டை” என்றாள் அவள். “அவன் மெதுவா வர்றான்னு எல்லாரும் கேலி பண்ணாங்க. பெரிசாத் பிள்ளைத் தொட்டிலைக் கட்டி இழுத்துட்டு வந்திருக்கான்னு. எனக்கு அவமானமா இருந்துச்சு. எல்லார் முன்னாடியும் திட்டிட்டேன். ‘ஓட்டத் தெரியாதவன் எதுக்கு வந்தே, எனக்கு மானம் போகுது’ன்னு. அவன் முகம் சுண்டிப்போச்சு. ‘நான் வீட்டுக்கே திரும்பிப் போறேன், போ’ன்னான். அங்கேருந்து இந்த வீட்டுக்கு எவ்வளவு தூரம்? கொஞ்ச நேரம்தானே? ஆனாலும் என் பின்னாடியே வந்தான். இடது கண்ணாடியில அந்தச் சுண்டின முகம் தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. பாக்கப் பிடிக்கலக்கா. கண்ணாடியைத் திருப்பி விட்டுட்டேன்.”

“அப்புறம் வேகமாப் போனே.”

“போனேன். கத்துக்கட்டும்னு.”

கானிம்குல் கண்ணை மூடித் திறந்தாள். எத்தனையோ விபத்துகளைப் பார்த்தவள். புதிதாக ஓட்டுகிறவனுக்கு முன்னால் போகிற வண்டி காணாமல் போனால் அவன் என்ன செய்வான் என்பதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பதறிப்போய் முறுக்குவான். சரளைக்கல் வளைவு பதறுகிறவனுக்கு வழி விடாது.

“மேலே போய்ச் சேந்ததும் பாத்தேன். காணோம். சொன்ன மாதிரியே திரும்பி வீட்டுக்குப் போயிட்டான்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். போலோத் அண்ணன் படம் எடுக்கறதுக்கு முன்னாடி, ‘உங்க உங்க பின்னாடி வந்தவங்க வந்தாச்சா?’ன்னு கத்தினார். எல்லாரும் கையைத் தூக்கினாங்க. என் தம்பி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்னு அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்றது? நானும் தூக்கினேன். அங்கே போன்ல சிக்னல் இல்ல. வீட்டுல அம்மா, பையன் அக்காகூட ஏரியில இருக்கான்னு நெனச்சிருக்காங்க. ஏரியில நான், பையன் அம்மாகூட இருக்கான்னு நெனச்சேன்.”

கொட்டகைக்கு வெளியே இன்னொரு கூட்டம் அழுதபடி வந்து சேரும் ஓசை கேட்டது.

“இவ்வளவும் தெரிஞ்சும் எதுக்கும்மா என்கிட்ட வந்தே?” என்று கேட்டாள் கானிம்குல்.

“அம்மா தினம் கேக்குறாங்க. யாரு, யாருன்னு. அவங்களுக்கு ஒரு பேரு வேணும். சிங்கிஸ் வால்ல வரலன்னு எனக்குத் தெரியும். அது பொய் இல்லையே?” பெரிசாத் ஆட்டுத்தோலின் மயிரை விரலில் சுற்றினாள். “போலீஸ்ல வேலை பாத்த உங்க வாயால அவர் பேரு வந்துச்சுன்னா, நானும் அதை நம்பிடலாம்னு பாத்தேன்.”

ரிஸ்பெக் கானிம்குல்லைப் பார்த்தான். எந்த வழக்கானாலும் இந்த இடத்தில் அவள் கை நீட்டி ஒருவனைக் காட்டுவாள். அவன் ஒரு கிண்டல் சொல்வான். காரில் திரும்பும்போது அவள் தூங்கிப்போவாள். இன்று அவள் கை பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

“போலீஸுக்குப் போகலாமா அக்கா?” என்று மெதுவாகக் கேட்டான்.

“போய்? கண்ணாடியைத் திருப்பினதுக்கு எந்தச் சட்டத்துல தண்டனை? கையைத் தூக்கினதுக்கு? தூசிக்குப் பயந்து முந்தினதுக்கு? திரும்பிப் பாக்காம கிளம்பின தலைவனுக்கு? கேலி பண்ணி ஒரு பொண்ணுக்கு அவமானத்தை உண்டாக்கினவங்க எத்தனை பேரு, யாருக்குத் தெரியும்? யாராவது ஒருத்தர் நின்னிருந்தாக்கூட அத்தனை பேரும் நின்னிருப்பாங்கடா. பையன் இன்னிக்குக் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கிட்டு இந்த வீட்டுல படுத்திருப்பான்.”

*

கூடாரத்துக்குள் பெண்கள் கறுப்புடையில், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மெலிஸின் தாய் ஜிப்பார். அவள் குரல்தான் எல்லாவற்றையும் முந்தி எழுந்தது. மகனின் கண்ணைப் பாடினாள், நடையைப் பாடினாள். பிறகு, அவனை மலையில் விட்டுவந்தவனாக ஊர் சந்தேகித்த சிங்கிஸின் பெயரைச் சொல்லி, உன் அடுப்பு அணையட்டும், உன் குதிரை இடறட்டும் என்று பாடினாள். கேட்டவர்கள் விம்மினார்கள்.

கானிம்குல் உள்ளே போய் அவள் எதிரே மண்டியிட்டாள். ஆண்கள் பக்கத்து ஓரத்தில் ரிஸ்பெக் நின்றான்.

ஒப்பாரி நின்றது. “நீதானே விசாரிச்சவ? சொல்லு மகளே. யாரு?” என்றாள் ஜிப்பார்.

“கடைசியா வர வேண்டியவர் வரலம்மா. அது உண்மை” என்றாள் கானிம்குல். “முன்னாடி போனவர் திரும்பிப் பாக்கல. ஆள் சரியா இருக்கான்னு யாரும் எண்ணிப் பாக்கல. அதுவும் உண்மை.” அங்கே நிறுத்தினாள். அடுத்த வாக்கியம் அவளிடம் இருந்தது. அதைச் சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

“அப்புறம்?”



“அப்புறம் நான்” என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

பெரிசாத் உள்ளே வந்து தாயின் காலருகே உட்கார்ந்தாள். “அவனுக்கு முன்னாடி போனது நான்தாம்மா. என் பின்னாடிதான் வந்தான். திட்டிட்டு, வேகமாப் போனேன். வீட்டுக்குப் போயிட்டான்னு நெனச்சேன்.”

கூடார வாசலருகே நின்ற மாமன் ஒருவர் தலையிலிருந்த தொப்பியை எடுத்துவிட்டார்.

“அவன் கீழே விழுந்த சத்தம்கூட உனக்குக் கேக்கலியா?” என்று கேட்டாள் ஜிப்பார்.

“இல்லம்மா.”

“கூப்பிட்டிருப்பானே. விழுந்தா உன்னைத்தான் கூப்பிடுவான். சின்ன வயசுலேருந்து என்னைக் கூப்பிட மாட்டான். உன்னைத்தான்.”

பெரிசாத் தாயின் மடியில் முகத்தைப் புதைத்தாள். ஜிப்பாரின் கை மகளின் தலைக்குமேல் உயர்ந்தது. அடிக்கப் போகிறாள் என்று ரிஸ்பெக் நினைத்தான். தடவப் போகிறாள் என்றும் நினைத்தான். கை இரண்டும் செய்யாமல் அப்படியே நின்றது.

“மகளே” என்று அவள் கானிம்குல்லைப் பார்த்துக் கேட்டாள். “இப்ப நான் யாரை ஏசறது?”

கானிம்குல் தலையைக் குனிந்துகொண்டாள். ரிஸ்பெக் அவளை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் மனிதரை உள்ளே கூப்பிடலாமா என்று யோசித்தான். கூப்பிட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது. காலை எடுத்து வைக்காமல் நின்றான்.

பெண்களில் ஒருத்தி தயங்கித் தயங்கி ஒப்பாரியை எடுத்துக் கொடுத்தாள். ஜிப்பார் சேர்ந்துகொண்டாள். மகனின் கண்ணைப் பாடினாள். நடையைப் பாடினாள். சாபம் வர வேண்டிய இடம் வந்தது. அங்கே குரல் நின்றது. மடியில் கிடந்த மகளின் தலையைப் பார்த்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு, மறுபடி மகனின் கண்ணிலிருந்தே ஆரம்பித்தாள்.